ரசிகன் கண்ணீர்

உறவினர் இறந்தால் அழுகிறோம். நண்பர் இறந்தால் அழுகிறோம். அந்த அழுகைக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஆனால், வாழ்நாளில் ஒரு முறைகூட நேரில் கண்டிராத ஒரு பாடகருக்காகவோ நடிகருக்காகவோ ஒருவன் கண்கலங்கி நின்றால், பக்கத்தில் இருப்பவன் சும்மா இருப்பதில்லை. "அவர் உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுவிடுகிறான்.

இந்தக் கேள்வியைக் கேளம்பாக்கத்தில் ஒரு டீக்கடை வாசலில் என் காதாலேயே கேட்டேன். எஸ். பி. பாலசுப்ரமணியம் காலமான மறுநாள் அது. 2020-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி. சென்னைக்கு அப்பால் தாமரைப்பாக்கத்தில் அவருடைய உடலை அன்றுதான் அடக்கம் செய்தார்கள். இங்கே கோவளத்துக்குச் சாலை பிரிகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி அந்தக் கடை. கொரோனாக் காலமாகையால் பெஞ்சுகளை எடுத்துவிட்டிருந்தார்கள். நின்றபடியே குடித்துவிட்டு நகர வேண்டும். உள்ளே ஒரு பெட்டியிலிருந்து, இறந்துபோனவர் உற்சாகமாகப் பாடிக்கொண்டிருந்தார். உப்பளத்தில் வேலை செய்கிற பெரியவர் ஒருவர், முகக் கவசத்தை மோவாய்க்கு இறக்கிவிட்டு, டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

"இன்னா பெரியப்பா, சொந்தக்காரர் பூட்ட மாதிரி நிக்கிறீங்க? அவரு உங்களுக்கு இன்னா வேணும்?" என்றான் கடைக்காரப் பையன்.

"ஒண்ணும் வேணாம்டா. என் கல்யாணத்துல ராவெல்லாம் ரேடியோ செட்டுல அவருதான் பாடுனாரு" என்றார் பெரியவர்.

பையன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. சென்னை திரும்புகிற இருபது மைலும் அந்தப் பதிலையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெரியவர் யாருக்காக அழுதார்? பாடகருக்காகவா, தம்முடைய கல்யாண இரவுக்காகவா? இரண்டாவதுதான் என்றால், அதைத் துக்கம் என்று சொல்லலாமா?

கேள்வி புதிதல்ல. கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர்ச் சாலை வழியாகப் போய்ப் பல்லாவரத்துப் பக்கம் திரும்பினால் பம்மல் என்ற ஊர் வருகிறது. அந்த ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு புகழ் பெற்றவர் சம்பந்த முதலியார். 1873-ல் பிறந்து 1964-ல் மறைந்தவர். 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்கள் மேடை ஏறுவது கேவலம் என்றிருந்த எண்ணத்தைப் போக்கியவர். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தை 'அமலாதித்யன்' என்று தமிழாக்கியவரும் அவரே. அந்த ஹாம்லெட் நாடகத்தில் ஒரு கட்டம் உண்டு. ஊருக்கு வந்த நடிகன் ஒருவன் ட்ராய் நகரத்து அரசி ஹெக்யூபா பட்ட பாட்டைச் சொல்லிக் காட்டுகிறான். சொல்லும்போதே அவன் முகம் வெளுக்கிறது, கண்ணீர் வழிகிறது. பார்த்துக்கொண்டிருந்த ராஜகுமாரன் திகைத்துப்போகிறான். இருந்தாளோ இல்லையோ என்றே நிச்சயமில்லாத ஒருத்திக்காக இவன் அழுகிறானே. சொந்தத் தகப்பனைப் பறிகொடுத்த நான் கல்லாக நிற்கிறேனே என்று தன்னையே நொந்துகொள்கிறான். ஹெக்யூபாவுக்காக நடிகன் அழுதான். அந்த நடிகன் செத்தால் ரசிகன் அழுகிறான். சங்கிலியில் ஒரு கண்ணி கூடுகிறது, அவ்வளவுதான். டீக்கடைப் பையன் கேட்டதைத்தான் டென்மார்க் இளவரசனும் கேட்டான்.

இத்தகைய அழுகையை அடியோடு வெறுத்தவர் ஒருவர் இருந்தார். கிரேக்க ஞானி பிளேட்டோ. நாடகத்தில் பிறர் துன்பத்தைக் கண்டு நாம் அழுது அழுது பழகுகிறோம்; சொந்தத் துன்பம் வரும்போது அடக்கிக்கொள்ள வேண்டிய அந்தப் பலவீனத்துக்குத் தீனி போட்டு வளர்க்கிறோம்; ஆகவே நல்ல நகரத்தில் கவிகளுக்கு இடமில்லை என்று அவர் தம் 'குடியரசு' நூலின் கடைசிப் பகுதியில் வாதாடுகிறார். பெரிய மேதைதான். ஆனால் அவர் செங்கற்பட்டுச் சீமையில் ஒரு சாவு வீட்டைப் பார்த்ததில்லை.

தொண்டை மண்டலத்துக் கிராமங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. வயது நிறைந்தவர் ஒருவர் காலமானால், காரியம் முடிகிற சமயத்தில் தெருக்கூத்து வைப்பார்கள். கூத்து எதுவென்று கேட்க வேண்டாம், 'கர்ண மோட்சம்'தான். இரவு பத்து மணிக்கு மேல் மிருதங்கமும் ஆர்மோனியமும் முகவீணையும் சேர்ந்து ஒலிக்கத் தொடங்கும். கட்டியங்காரன் வந்து சிரிக்க வைப்பான். அப்புறம், போருக்குப் புறப்படுகிற கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் பேசிப் பிரிகிற காட்சி. விடிகிற வேளையில் கர்ணன் களத்தில் சாய்வான். குந்தி ஓடி வந்து மடியில் எடுத்து வைத்துக்கொண்டு புலம்புவாள். அதுவரை வீட்டு வேலை, விருந்தினர் சாப்பாடு, கடன் கணக்கு என்று கண்ணீர் விட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வீட்டுப் பெண்கள் அந்தக் கணத்தில் உடைந்து அழுவார்கள். கர்ணனுக்காகத்தான் அழுகிறார்கள். செத்துப்போன தகப்பனுக்காகவும்தான் அழுகிறார்கள். இன்னதற்கு இவ்வளவு என்று அந்தக் கண்ணீரைப் பிரித்து அளக்க யாரால் முடியும்? கூத்தாடி அந்தக் குடும்பத்துக்கு அழுவதற்கு ஓர் இடம் கொடுக்கிறான். பிளேட்டோ பலவீனம் என்றதை நம் குடியானவர்கள் ஒரு சடங்காகவே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் அவர்கள் கெட்டுப் போய்விட்டதாகத் தெரியவில்லை. மறுநாள் வழக்கம்போல் ஏர் பூட்டப் போனார்கள்.

உப்பளத்துப் பெரியவரின் அழுகையையும் இந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டும். தம் கல்யாண ராத்திரியை அவர் பாட்டில் ஒளித்துவைத்திருந்தார். பாடினவர் போனதும் அந்த ராத்திரியும் எங்கோ போய்விட்டதாக அவருக்குப் பட்டது. அது பொய்த் துக்கம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நிற்க. இதோடு விட்டிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் தொல்காப்பியர் விடவில்லை. அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு அவர் நான்கு காரணங்களைச் சொல்கிறார். அவர் சொன்ன சொற்களை இன்றைய தமிழில் சொன்னால், இழிவுபடுதல், இழத்தல், இருந்த நிலையிலிருந்து தாழ்தல், வறுமை. சாவினால் வரும் இழப்பு இந்த நான்கில் ஒன்றுதான். அதையும் முதலாவதாக வைக்கவில்லை. உரை எழுதிய பேராசிரியர் இன்னும் ஒரு நுட்பம் சொல்லுகிறார். தனக்கு வந்த துன்பத்துக்குத் தானே அழுவது ஒன்று. பிறனுடைய துன்பம் கண்டு அழுவது வேறொன்று. முன்னதற்கு அவலம் என்று பெயர். பின்னதற்குக் கருணை என்று பெயர்.

இதைப் படித்ததும் ரசிகர்களாகிய நம்முடைய அழுகை எந்த வகையைச் சேர்ந்தது என்று யோசித்துப் பார்த்தேன். கலைஞன் இறந்த அன்று நாம் அழுவது பெரும்பாலும் அவலம். நம்மிடமிருந்து ஒன்று போய்விட்டதே என்பதுதான் அதன் பொருள். அதில் குற்றமில்லை. ஆனால் அந்தக் கலைஞனுக்கு இழிவு வந்தபோதும், தாழ்வு வந்தபோதும், வறுமை வந்தபோதும் அழுதிருந்தால் அது கருணையாக இருந்திருக்கும். அந்த மூன்றும் அவன் உயிரோடு இருக்கும்போது வந்தவை.

எம். கே. தியாகராஜ பாகவதரின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் தொல்காப்பியரின் நான்கு சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு அதை இன்னொரு முறை பார்க்க வேண்டும். 1934-ல் 'பவளக்கொடி'யில் திரைக்கு வந்தார். பத்தே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் அவருக்கு இணையில்லை என்றாயிற்று. அவர் சிகையைப் பார்த்துத் தெருவுக்குத் தெரு பாகவதர் கிராப் வைத்துக்கொண்டார்கள். 1944-ல் வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதே வருஷம் நவம்பரில் லக்ஷ்மிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் குத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகி ஆயுள் தண்டனை பெற்றார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் வந்த பிறகு, வழக்கு மறுபடி ஹைகோர்ட்டில் விசாரிக்கப்பட்டு, 1947 ஏப்ரலில் விடுதலையானார்கள். சுமார் இரண்டரை வருஷச் சிறை, இது இழிவு. வெளியே வந்து பாகவதர் 'ராஜமுக்தி'யிலும் 'அமரகவி'யிலும் 'புதுவாழ்வி'லும் நடித்தார். கொட்டகைகள் நிரம்பவில்லை, இது தாழ்வு. சேர்ந்திருந்த செல்வமும் கரைந்தது. அதற்கு வறுமை என்றே பெயர். 1959 நவம்பர் 1-ந் தேதி, ஐம்பது வயது நிறையுமுன், சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் கண் மூடினார். நான்காவது காரணம் அன்றைக்குத்தான் வந்தது. தமிழ்நாடு அழுதது. இப்போது திருச்சியில் அரசாங்கம் அவருக்கு மணிமண்டபமும் கட்டியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒருவர் ஆட்சேபம் சொல்லலாம். "நன்றாக இல்லாத படத்தை, நடித்தவர் நொடித்துப்போனவர் என்பதற்காகக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா? ரசிகன் என்ன தர்மசத்திரமா நடத்துகிறான்?" நியாயமான ஆட்சேபம். ரசனை மாறும், மாறத்தான் வேண்டும். பாட்டுக்கு மேல் பாட்டாகப் போட்டுக் கதையை நகர்த்திய காலம் போய், வசனம் கோலோச்சும் காலம் வந்தது. அதற்குப் பாகவதர் பொறுப்பல்ல, ரசிகனும் பொறுப்பல்ல. அதே வழக்கில் சிறை சென்ற கலைவாணர் கிருஷ்ணன் திரும்பி வந்து, 1957 ஆகஸ்டில் இறக்கும் வரையில் மக்கள் மனத்தில் தம் இடத்தை இழக்கவில்லை. சிரிக்க வைக்கிறவனுக்குச் சிறைவாசம்கூட ஒரு கதையாகிவிடுகிறது. கந்தர்வனாகப் பார்க்கப்பட்டவனுக்கு அது கறையாகிவிடுகிறது. (சென்னைத் தியாகராய நகரில் உள்ள கலைவாணர் சிலையை அறிஞர் அண்ணா 1969 ஜனவரி 14-ந் தேதி திறந்துவைத்தார். மூன்று வாரம் ஆவதற்குள் அண்ணாவுக்கே தமிழ்நாடு அழ வேண்டியதாயிற்று.) ஆகவே, டிக்கெட் வாங்காதது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. காசு கொடுக்காமல் இருப்பது ஒன்று. கல்லெடுத்து எறிவது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில், ஏறெடுத்தும் பாராமல் இருப்பது என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது. பெரும்பாலான கலைஞர்களைக் கொல்வது அந்த மூன்றாவதுதான்.

சாவித்திரி ஒன்றரை ஆண்டுக்கு மேல் நினைவிழந்து படுக்கையில் கிடந்து, 1981 டிசம்பர் 26-ந் தேதி இறந்தார். அவர் வாழ்க்கையைப் படமாக்கி 2018-ல் 'நடிகையர் திலகம்' என்று வெளியிட்டார்கள். கொட்டகையில் எனக்கு முன் வரிசையில் இருந்த கல்லூரிப் பெண்கள் விசும்பி விசும்பி அழுதார்கள். சாவித்திரி போய்ப் பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் பிறந்த பெண்கள்! அவர்களிடம் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. அவர்கள் பிறக்கவே இல்லையே. அந்த ஒன்றரை ஆண்டுக் காலத்தில் பெரியவர்களாக இருந்தவர்கள் எங்கே போயிருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

அண்மைக் காலத்து உதாரணமும் இருக்கிறது. விஜயகாந்த் 2023 டிசம்பர் 28-ந் தேதி மறைந்தார். படப்பிடிப்புத் தளத்தில் தமக்கு என்ன சாப்பாடோ அதுவே விளக்குப் பிடிப்பவனுக்கும் என்று வைத்திருந்தவர் அவர். சென்னையே திரண்டு வந்து அவருக்கு அழுதது. கோயம்பேட்டில் அவர் சமாதியில் அன்னதானம் நடந்து வருகிறது. எல்லாம் சரி. ஆனால் அவர் உடல் நலிந்து, நாக்குத் தடுமாறிய ஆண்டுகளில், அந்தத் தடுமாற்றத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கைப்பேசிக்குக் கைப்பேசி அனுப்பிச் சிரித்தவர்கள் யார்? வெளிநாட்டுக்காரர்களா? சிரித்த விரல்தான் டிசம்பர் 28-ந் தேதி கண்ணீர்த் துளியின் படத்தையும் அனுப்பியது. தொல்காப்பியர் இழிவை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பசியை மனிதன் எப்படியோ பொறுத்துக்கொள்வான்; தன்னைப் பார்த்துக் கைதட்டிய கூட்டமே தன்னைப் பார்த்துச் சிரிப்பதைப் பொறுக்க மாட்டான்.

இந்தக் கடற்கரையிலேயே ஒரு பழைய வழி இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படை படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். பசியில் வாடும் ஒரு பாணனுக்கு, பரிசு பெற்று வரும் இன்னொரு பாணன், காஞ்சியிலிருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் போகும் வழியைச் சொல்கிறான். வழியில் கலங்கரை விளக்கத்தோடு கூடிய நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் வருகிறது. அது மாமல்லபுரமே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அவர்கள் சொல்வது சரியானால், கேளம்பாக்கத்துக்குத் தெற்கே, இன்று மோட்டார்கள் பறக்கிற இந்தக் கரையோரத்தில்தான் யாழைத் தோளில் மாட்டிக்கொண்டு, சுற்றத்தையும் அழைத்துக்கொண்டு அந்தப் பாணன் நடந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் கலைஞன் பிழைக்க வள்ளல் வேண்டும். வள்ளல் இறந்தால் கலைஞன் அழுவான். அந்த அழுகைக்கு இலக்கியத்தில் கையறுநிலை என்று ஒரு துறையே உண்டு. பாரி மாண்டபோது கபிலர் பாடியவை இன்றும் நெஞ்சை உருக்குகின்றன.

இரண்டாயிரம் வருஷத்தில் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிட்டது. இன்று கலைஞன் இறக்கிறான், மக்கள் கையறுநிலை பாடுகிறார்கள். அப்படியானால் வள்ளல் யார்? நாலணா டிக்கெட் வாங்கினவனும், இன்று நூற்றைம்பது ரூபாய் கொடுப்பவனும், ரேடியோவைத் திருகினவனும் சேர்ந்த இந்தப் பெருங்கூட்டம்தான் வள்ளல். இளந்திரையனுக்கு இருந்த பொறுப்பு இந்தக் கூட்டத்தின் தலையில் விழுந்திருக்கிறது. ஆனால் கூட்டத்துக்கு முகம் கிடையாது. பாணன் வாசலில் வந்து நின்றால் இளந்திரையனால் பார்க்காத மாதிரி இருக்க முடியாது. கோடிப் பேர் வள்ளலாக இருக்கும்போது ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடலாம். செத்த பிறகு மட்டும் கூட்டத்துக்கு எப்படியோ ஒரு முகம் வந்துவிடுகிறது.

சில சமயம் அது பயங்கரமான முகம். 1987 டிசம்பர் 24-ந் தேதி எம். ஜி. ராமச்சந்திரன் காலமானபோது நடந்தவற்றைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, பஸ்கள் எரிந்தன, மொட்டை அடித்துக்கொண்டார்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. இது தமிழனுக்கு மட்டுமே உரிய பைத்தியம் என்று சிலர் வெட்கப்படுவார்கள். அந்த வெட்கம் அனாவசியம். 1926-ல் நியூயார்க்கில் ருடால்ப் வாலன்டினோ இறந்தபோது சவ மண்டபத்தின் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஜனங்கள் உள்ளே புகுந்தார்கள். 1975-ல் கெய்ரோவில் பாடகி உம் குல்தூமின் சவப்பெட்டியைத் தூக்கிச் சென்றவர்களிடமிருந்து மக்கள் பிடுங்கித் தங்கள் தோள்மேல் ஏற்றிக்கொண்டார்கள். உம் குல்தூமை மக்கள் தோளில் ஏற்றிக்கொண்டது எனக்குப் புரிகிறது. உயிரை விடுவதை மட்டும் அன்பு என்று அழைக்க நான் உடன்பட மாட்டேன். அந்த வீட்டில் எஞ்சி நிற்கும் மனைவியையும் குழந்தையையும் பார்த்துவிட்டு அதைத் தியாகம் என்று மேடையில் பேசினவர்கள் இரக்கமற்றவர்கள்.

அதே எம். ஜி. ஆர். சமாதியில் இன்னொன்றும் நடக்கிறது. கிராமத்திலிருந்து மாமல்லபுரம் பார்க்கக் கிளம்பி, வழியில் மெரீனாவில் இறங்குகிற ஜனங்கள் அந்தக் கல்லின்மேல் காதை வைத்துக் கேட்கிறார்கள். அவரோடு புதைக்கப்பட்ட கைக்கடிகாரம் இன்னும் ஓடுகிறதாம். டிக் டிக் என்று கேட்கிறதாம். படித்தவர்கள் இதைப் பரிகாசம் செய்வது வழக்கம். எனக்கென்னவோ, கடையை உடைத்தவனைவிடக் காதை வைத்துக் கேட்கிற கிழவியிடம்தான் துக்கம் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒரு காலம் நின்றுவிடவில்லை என்று நம்ப அவளுக்கு ஒரு சத்தம் வேண்டியிருக்கிறது.

சுவரொட்டித் துக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, இறந்தவரின் படத்தை மூலையில் சிறிதாகவும், அழுகிறவர்களின் படங்களைப் பெரிதாகவும், அதுவும் சிரித்த முகத்தோடு அச்சிடும் வழக்கத்தைக் கேளம்பாக்கத்திலும் காணலாம், கன்னியாகுமரியிலும் காணலாம். செத்தவர் யார் என்று நெருங்கிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கெல்லாம் நடுவில் நல்ல காரியங்களும் நடக்காமல் இல்லை. நகைச்சுவை நடிகர் விவேக் ஊர் ஊராக மரம் நட்டுக்கொண்டிருந்தவர். 2021 ஏப்ரல் 17-ந் தேதி அவர் மறைந்ததும் அவருடைய ரசிகர்கள் மரக்கன்று நட்டு அஞ்சலி செலுத்தினார்கள். பாலசுப்ரமணியத்தின் விஷயத்திலேயே, அவர் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்டு 20-ந் தேதி மாலை ஆறு மணிக்கு, அவர் பிழைக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு அவருடைய பாட்டை ஒலிக்க வைத்துப் பிரார்த்தனை செய்தார்கள். பிரார்த்தனை பலிக்கவில்லை. ஆனால் அன்று அழுதவர்கள் உயிரோடு இருக்கிற ஒருவருக்காக அழுதார்கள். பேராசிரியர் அதற்குக் கருணை என்றே பெயர் கொடுத்திருப்பார்.

குரலைப் பதிவு செய்துவைத்த கலைஞனுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அவனை நாம் முழுக்கப் புதைப்பதே இல்லை. பாகவதரின் குரல் இன்னும் கேட்கிறது. டீக்கடையில் பாலசுப்ரமணியம் அடக்கமான நேரத்திலும் பாடிக்கொண்டுதான் இருந்தார். கூத்தாடிக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் 2003-ல் மறைந்தபோது பத்திரிகைகள் எழுதின. அவர் நினைவாக அந்த ஊரில் கூத்து விழாவும் நடந்து வந்திருக்கிறது. அவர் பெரிய பெயர். அவரைப்போல் பெயர் எடுக்காமல், நாற்பது வருஷம் ஊர் ஊராகப் போய்ப் பிறர் வீட்டுச் சாவுக்குக் கர்ணனாக மாண்டுவிட்டு, ஒரு நாள் தாமே மாண்டுபோகிறவர்களுக்கு யார் சுவரொட்டி அடிக்கிறார்கள்? அவர்கள் குரல் கேட்டவர்களின் காதோடு சரி. அந்தக் காதுகளும் ஒரு தலைமுறையில் மண்ணாகிவிடும்.

சில வருஷங்களுக்கு முன் திருப்போரூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் அத்தகைய ஒருவருடைய கர்ண மோட்சத்தை விடிய விடியப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும், மூச்சு வாங்கியது, ஆனாலும் களத்தில் சாய்ந்தபோது கூட்டத்தில் ஒருவர் கண்ணும் காய்ந்திருக்கவில்லை. சாவு வீட்டுக்காரியான ஒரு கிழவி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே வைத்துவிட்டாள். நன்றாக விடிந்த பிறகு கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் பெட்டியில் அடுக்கிவிட்டு, ஒரு திண்ணை ஓரமாக உட்கார்ந்து, தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் முழுக்க வெளியே வந்தபோது அது யாருடைய முகமாகவும் இருக்கலாம் போலிருந்தது. அந்தக் கிழவி இடுப்பில் குடத்தோடு அந்த வழியே வந்தாள். இரவு தன்னை அழ வைத்த கர்ணன் இவர்தான் என்று அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. நின்று பார்த்தாள்.

"காத்தால ஏதாச்சும் சாப்புட்டியா, ராசா?" என்றாள்.

"இன்னும் இல்ல, ஆயா" என்றார் கர்ணன்.

கிழவி குடத்தைத் திண்ணைமேல் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.